கல்யாணத்தை நிறுத்தினால் போதாது, ஊரோடு உட்கார்ந்து பேச வேண்டும்: ஆட்சியருக்கு மீண்டும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியும் ஊர்ப் பெண்களும்,
கீழ்பவானி வாய்க்கால் பாசனப் பகுதி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: பத்தாம் வகுப்பு முடிக்கும் பெண் பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வைப்பது – முகூர்த்த மாதங்களுக்கு முன் ஊர்க்கூட்டம் நடத்தக் கோருதல் – முந்தைய மனுக்களுக்குப் பதில் வராதது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர் தாங்கள் அறிந்ததுதான். வாய்க்கால் பாலத்தைப் பார்வையிட வந்தபோது மாரியம்மன் கோயில் மேடையில் உட்கார்ந்து எங்களிடம் பேசினீர்கள். அந்தக் கோயிலுக்குப் பின்வீதி வீடுகளைப் பற்றித்தான் இந்த மனு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இதே விஷயமாகக் கொடுத்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

1. இங்கே பாதி வீடுகளில் அப்பா, அம்மா இருவருமே பனியன் கம்பெனிக்கோ மில்லுக்கோ ஷிப்டுக்குப் போய்விடுகிறார்கள். "வயசுக்கு வந்த புள்ளையத் தனியா வுட்டுட்டு வவுத்துல நெருப்பக் கட்டீட்டு எத்தன நாளைக்குங்க இருக்கறது?" என்று கேட்கிறார்கள். வேற்று ஜாதிப் பையனோடு பேசினாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அடுத்த முகூர்த்தத்தில் சொந்தத்திலேயே கட்டிக் கொடுத்துவிடுவார்கள். வசதி இருக்கிற வீடு, இல்லாத வீடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது.

2. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யாராவது போன் செய்தால் ஜீப் வருகிறது, பெற்றோரிடம் எழுதி வாங்குகிறார்கள், ஜீப் போய்விடுகிறது. அப்புறம் பத்திரிகை இல்லாமல், பந்தல் இல்லாமல், விடியற்காலையில் ஏதோ ஒரு மலைக்கோயிலில் தாலி கட்டியாகிவிடுகிறது. 2 வருடம் ஜெயில், 1 லட்சம் அபராதம் என்பதெல்லாம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு ஒளிக்கப் பழகிவிட்டார்கள்.

3. எங்களுக்குத் தாங்க முடியாதது இதுதான். பின்வீதியில் ஒரு பிள்ளை, பெயர் சொல்ல மாட்டேன். ஒன்பதாம் வகுப்பில் கபடி ஆடியவள். பத்தாவது பரிட்சை எழுதிய கையோடு கல்யாணம். இப்போது முழுகாமல் இருக்கிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் வயதைக் கேட்பார்கள், 18 ஆகவில்லை என்றால் போக்சோ வழக்கு வரும், மாப்பிள்ளையைப் பிடித்துப் போய்விடுவார்கள் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளைப் பதிவு செய்து அரசு கொடுக்கும் பிக்மி எண் இல்லை. இரும்புச்சத்து மாத்திரை இல்லை. ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. நர்ஸம்மா வீதிக்குள் வந்தால் கதவைச் சாத்தி, பெண் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்கிறார்கள். கால் வீங்கியிருக்கிறது. வளராத உடம்புக்கு ரத்தக்கொதிப்பு வந்து பிரசவத்தில் வலிப்பு கண்டால் யார் பொறுப்பு அம்மா? அந்தக் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனாலும் அந்தப் பிக்மி எண்ணைத்தானே கேட்பார்கள்? ஒரு பிள்ளையை ஒளித்து வைத்தார்கள், நாளைக்கு இரண்டு பிள்ளைகளை ஒளித்து வைப்பார்கள். வழக்குப் போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நாங்கள் சொல்லவில்லை. இன்றைக்கு அவளை ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். அவள் பயப்படாமல் வாசலுக்கு வர வேண்டும்.

4. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவில், தடுப்பு அலுவலர் மக்களிடையே விழிப்புணர்வு உண்டாக்குவதும் அவர் கடமை என்றுதானே இருக்கிறது? எங்கள் ஊரில் அது எப்போது நடந்தது? ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் படித்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கலைந்துபோனோம். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் பஞ்சாயத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை. இன்னும் எத்தனை முறைதான் எழுதுவது?

5. பத்தாம் வகுப்புப் பரிட்சை முடிவதற்குள் தாங்கள் ஒருமுறை நேரில் வர வேண்டும். ஊர்ப் பெரியவர்கள், பூசாரி, கல்யாணச் சீர் செய்து வைக்கும் அருமைக்காரர், மண்டபக்காரர், பத்திரிகை அடிக்கும் பிரஸ்காரர், முக்கியமாக மாமியார்கள், எல்லோரையும் அதே கோயில் மேடையில் உட்கார வையுங்கள். ஷிப்ட் முடிந்து பெண்கள் வருகிற மாலை நேரமாக இருக்கட்டும். ஊர் வாய் பேசுகிறது என்றுதான் பயப்படுகிறார்கள், ஆகவே ஊர்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்: 18-க்கு முன்னால் கட்டிக்கொடுக்காத வீட்டை யாரும் இளக்காரமாகப் பேசக்கூடாது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போய், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்கும் பெண்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களும், அவர்களுடைய அம்மாக்களும் அந்த மேடையில் பேசட்டும். அதிகாரி பேசினால் தலையாட்டுவார்கள், அக்காள் தங்கச்சி பேசினால் கேட்பார்கள்.

6. மறுபடியும் கேட்கிறோம். முதலில் அந்தப் பிள்ளைக்கு டாக்டர். பிறகு ஊர்க்கூட்டம்.

இந்த வருடம் பத்தாவது எழுதும் பிள்ளைகளில் சிலருக்கு இப்போதே ஜாதகம் பார்க்கிறார்கள். சித்திரை, வைகாசி முகூர்த்தம் வந்த பிறகு ஜீப் அனுப்பிப் பயனில்லை அம்மா. தயவுசெய்து அதற்கு முன்னால் வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், ஊர்ப் பெண்கள் கையெழுத்தும் கைநாட்டும் இட்ட தாள்.