890 என்றால் இந்தியத் தயாரிப்பா?

ஐயா,

தயாரிப்பு நாட்டைப் பார்த்துப் பொருள் வாங்குவோர் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பழக்கம் நல்லதுதான், பார்க்கும் இடம்தான் தவறு. பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்தது எனப் பலர் நம்புகிறார்கள். அந்த எண்ணை நிறுவனம் இந்தியாவில் பதிந்து பெற்றது என்பதற்கு மேல் அந்த மூன்று இலக்கத்துக்குப் பொருளில்லை. சீனாவில் செய்து இங்கே பெட்டியில் அடைத்த சார்ஜருக்கும் 890 வரும். ‘மார்க்கெட்டட் பை’ என்பதன் கீழுள்ள சென்னை முகவரியும் விற்பவரைத்தான் காட்டும்.

இறக்குமதியாளர் முகவரி, தயாரிப்பு நாடு, அதிகபட்ச சில்லறை விலை மூன்றும் பொட்டலத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. ஆனால் பாரிமுனை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் விற்கும் சில விளக்குச் சரப் பெட்டிகளில், நாட்டின் பெயருள்ள வரியின் மேலேயே விலை ஸ்டிக்கர் உட்கார்ந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வருகிறது. தப்பிய பெட்டியிலோ ‘மேட் இன் பி.ஆர்.சி.’! மக்கள் சீனக் குடியரசு என்பதன் சுருக்கம் அது. எத்தனை பேருக்குப் புரியும்? தெருமுனைக் கடைக்காரருக்கு அபராதம் போடுவதைவிட, தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் ஜார்ஜ் டவுன் மொத்தக் கிடங்குகளிலேயே, சரக்கு பிரிபடும் முன் சோதிக்கலாம். நாட்டின் பெயரைச் சுருக்காமல், தமிழிலும், விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று விதியைத் திருத்தவும் அரசு பரிந்துரைக்கலாம்.

— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை, சென்னை