பெரிய மீன் தொட்டிக்கு ஒற்றை ஹீட்டர் போதாது

ஆசிரியருக்கு,

வீட்டு மீன் தொட்டி பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதும்போதெல்லாம் மீன், ஃபில்டர், தீவனம் எல்லாம் விரிவாக வருகிறது, ஹீட்டர் மட்டும் 'தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம்' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. சென்னைக்கு அது போதும். நான் குன்னூர்க்காரன்.

என் தொட்டி 5 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம், ஏறக்குறைய 400 லிட்டர் தண்ணீர். வளர்த்தது டிஸ்கஸ் மீன். அதற்கு 28 டிகிரியாவது வேண்டும், எங்கள் கூடத்திலோ டிசம்பர் இரவில் 12, 13தான். கடைக்காரர் "பெரிய தொட்டிக்குப் பெரிய ஹீட்டர் சார்" என்று 500 வாட் ஒன்றைக் கொடுத்தார், நானும் மாட்டினேன். போன குளிர்காலத்தில் ஒரு கல்யாணத்துக்காக மேட்டுப்பாளையம் போய்விட்டு மறுநாள் மதியம் வந்து பார்த்தால் மூடியின் உட்புறம் முழுக்க வேர்த்து வழிகிறது, தெர்மாமீட்டரில் 37, ஹீட்டரின் சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. 6 டிஸ்கஸும் போய்விட்டன. பிழைத்தது ஒரு சக்கர் மீன் மட்டும். ஹீட்டருக்கு வாரன்டி இருந்ததால் சத்தமில்லாமல் புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள், அதை நான் இன்னும் பெட்டியைவிட்டே எடுக்கவில்லை.

சாதாரண ஹீட்டரில், வைத்த சூடு வந்ததும் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட்டில் சூட்டுக்கு வளையும் ஒரு உலோகத் தகடுதான் சுவிட்ச். ஒவ்வொரு முறை சேர்ந்து விலகும்போதும் பொறி பறக்கும், நாளாக நாளாக முனைகள் கருகி ஒரு நாள் ஒட்டியே போய்விடும். அப்புறம் அணையாது. ஹீட்டர் எரியாமல் போனால்கூட 400 லிட்டர் தண்ணீர் மெதுவாகத்தான் ஆறும், நமக்கு அவகாசம் இருக்கிறது. அணையாமல் போனால்தான் ஆபத்து.

அதனால் இப்போது 200 வாட்டில் இரண்டு போட்டிருக்கிறேன், தொட்டியின் இரண்டு ஓரத்திலும், ஃபில்டர் தண்ணீர் ஓடும் பக்கமாக. ஒன்று அணையாமல் ஒட்டிக்கொண்டாலும் மற்றது தானே அணைந்துவிடும், ஒற்றை 200 வாட்டால் எங்கள் ஊர்க் குளிரில் 28-ஐத் தாண்டவே முடியாது. ஒன்று செத்தாலும் இன்னொன்று ஓரளவு தாங்கும். இரண்டுக்கும் மேலே தனியாக ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர், 30 வந்தால் கரன்டையே நிறுத்திவிடும். பிராண்டைத் தேடி அலைவதைவிட இதற்குச் செலவு செய்வது மேல் என்பது என் கட்சி. ஹீட்டர் தலையில் இருக்கும் எண்ணையும் நம்ப வேண்டாம், ஒன்றிரண்டு டிகிரி முன்பின் இருக்கும், தெர்மாமீட்டரைப் பார்த்துத்தான் திருக வேண்டும்.

கரன்ட் பில் ஏறும், மறைக்கவில்லை. தொட்டிக்குப் பின்னாலும் அடியிலும் தெர்மோகோல் வைத்து, மேலே மூடியும் போட்டால் கொஞ்சம் மிச்சமாகும்.

தண்ணீர் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சூடான கண்ணாடிக் குழாய் தண்ணீருக்கு வெளியே வந்தால் விரிசல் விடும், அதே தண்ணீரில்தான் நாம் கையை விடுகிறோம். வீட்டில் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாவிட்டால் ஹீட்டருக்கு முன்னால் அதைப் போடுங்கள்.

சக்கர் மீன் நன்றாக இருக்கிறது. டிஸ்கஸ் வாங்குவது, இந்த இரண்டு ஹீட்டரும் ஒரு முழு மார்கழியைத் தாண்டுவதைப் பார்த்த பிறகுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்