செயலாளரின் ஆண்டறிக்கை: மெலிந்து நிற்கும் புற்றரைகள்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

எமது தோட்டச் சங்கத்தின் மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் வெள்ளவத்தையில் நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு எமக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே வகை: "புல் சாகவுமில்லை, வளரவுமில்லை. யூரியா போட்டும் பார்த்தாயிற்று." எனவே இவ்வறிக்கையில் அதற்கே கூடிய இடம் கொடுத்துள்ளேன்.

முதலில் புல் மெலிந்த திட்டின் ஓரத்தைப் பாருங்கள். பூச்சியும் நோயும் நேர்கோட்டில் பரவுவதில்லை. ஓரம் நேராக இருந்தால் கீழே பழைய சீமெந்துத் தளமோ, மூடிய குழியோ, குழாய் புதைத்த வாய்க்காலோ இருக்கும். கேற்றிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை நீளும் மெலிவு ஆட்கள் நடந்து நடந்து உண்டானது. பீலியில்லாத கூரையோரத்துக் கோடு மழைநீர் விழுந்து இறுகிய மண்.

முந்திய மாலை நன்றாகத் தண்ணீர் விட்டு, 15 சென்ரிமீற்றர் ஸ்குரூ டிரைவர் ஒன்றை நல்ல இடத்திலும் மெலிந்த இடத்திலும் குத்துங்கள். இரண்டிலும் ஒரேபோல் இறங்கினால் குறை மண்ணிறுக்கம் அல்ல. மெலிந்த இடத்தில் மட்டும் அழுத்தி அழுத்தித்தான் இறங்கினால் மண் இறுகிவிட்டது. சில அங்குலத்தில் 'டக்' என்று நின்றால் கட்டட இடிபாடு.

கொழும்பில் அதிகம் ஏமாற்றுவது இந்த இடிபாடுதான். எமது கபுக் (செம்புரைக்கல்) மண் இயல்பில் அமிலத்தன்மையானது என்பதால் பலரும் வளவு முழுவதும், அமிலத்தைக் குறைக்கும் டொலமைற் சுண்ணாம்புத் தூளைத் தூவுகிறார்கள். ஆனால் சீமெந்துத் துண்டும் சுண்ணாம்புச் சாந்தும் புதைந்த மூலையில் மண் காரமாகி, புல்லுக்கு இரும்புச்சத்து கிடைக்காமற் போகும். நரம்பு பச்சையாக இருக்க இளம் இலை மஞ்சளாவது இதன் அடையாளம். அங்கே டொலமைற் நிலைமையை இன்னும் கெடுக்கும், யூரியாவும் உதவாது. 15 சென்ரிமீற்றர்வரை தோண்டி இடிபாட்டை அகற்றி நல்ல மண் நிரப்புவதே வழி. மண் பரிசோதனைக்குக் கொடுப்போர் திட்டின் மண்ணையும் மற்ற மண்ணையும் கலக்காமல் தனித்தனியாகக் கொடுக்கவும். கலந்தால் இரண்டைப் பற்றியும் எதுவும் சொல்லாத ஓர் எண்தான் கிடைக்கும்.

வெறும் இறுக்கமென்றால் தோட்ட ஃபோர்க்கால் 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் அதே ஆழத்துக்குக் குத்தி, லேசாக முன்னும் பின்னும் அசையுங்கள். மண் ஈரமாக இருக்கலாம், சேறாக இருக்கக்கூடாது. சேற்றில் குத்தினால் துளைச் சுவர் மெழுகியதுபோல் மூடிவிடும். பின்னர் சலித்த கூட்டெரு 5 மில்லிமீற்றர் கனத்துக்கு. ஒரு பேர்ச்சுக்கு (ஏறத்தாழ 25 சதுர மீற்றர்) ஏறத்தாழ 125 லீற்றர். புல் நுனி வெளியே தெரிய வேண்டும்.

நிரப்பிய தாழ்நிலங்களில் வடிகாலையும் பாருங்கள். 30 சென்ரிமீற்றர்க் குழியில் தண்ணீர் நிரப்பி, வற்றியதும் மீண்டும் நிரப்பி அளக்கவும். மணிக்கு 2.5 சென்ரிமீற்றர்கூட இறங்காவிட்டால் வேர் மூச்சுத் திணறுகிறது. குழியை அன்றே மூடிவிடுங்கள். டெங்கு நுளம்புக்கு நாம் தொட்டி கட்டிக் கொடுக்கத் தேவையில்லை.

பக்கத்தில் மாடி எழும்பியபின் மெலிந்த புல்லுக்கு மண் வைத்தியம் வீண். புளூ கிராஸ் நிழல் தாங்காது. அகன்ற இலை மலேசியன் புல் ஓரளவு தாங்கும். அதையும் 4 சென்ரிமீற்றருக்குக் கீழே வெட்டாதீர்கள்.

பிடித்திழுத்தால் புல் பாய்போல் கிளம்பினால் வேரை வெண்புழு (மண்ணுள் வாழும் வண்டின் புழு) தின்கிறது. 4 லீற்றர் நீரில் 2 மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஒரு சதுர மீற்றரில் ஊற்றினால் பிள்ளைப்பூச்சியும் கம்பளிப்புழுவும் பத்து நிமிடத்தில் மேலே வரும். வெண்புழு வராது, அதற்குப் புல்லைப் பெயர்த்துத்தான் பார்க்க வேண்டும். எதுவும் அகப்படாவிட்டால் பூச்சிநாசினி வாங்க வேண்டாம்.

முதிர்ந்த இலைகள் முதலில் வெளிறினால் மட்டும் யூரியா: பேர்ச்சுக்கு 250 கிராம், காய்ந்த இலைமேல் தூவி உடனே தண்ணீர். டொலமைற் இட்டு இரண்டு கிழமையாவது கழியட்டும். இல்லாவிட்டால் நைதரசன் அமோனியாவாய்ப் பறந்துவிடும். மே, ஒக்ரோபர் பெருமழைக்கு முன்னும் போடாதீர்கள்.

அடுத்த ஆண்டு திட்டுகள் குறித்துக் கேட்க வருவோர் படத்துடன் ஸ்குரூ டிரைவர் இறங்கிய ஆழத்தையும் எழுதி வரவும். சங்கத்தின் ஃபோர்க்கை இரவல் வாங்கியவர்கள் தயவுசெய்து மண் கழுவித் திருப்பித் தரவும்.

கௌரவ செயலாளர்