புது வீட்டிலிருந்து அப்பாவுக்கு

ரிச்மண்ட் ஹில், குயின்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய், நேற்றுதான் கைக்கு வந்தது. வீடு மாறியதைக் குமார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை, அங்கே ஹீட்டர் சரியில்லை. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 13 டிகிரிக்குக் கீழே போனால் வீட்டுக்குள் 20 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது நியூயார்க் சட்டம். அந்த வீட்டுக்காரர் காதில் அது விழவே இல்லை. அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லாதீர்கள், கம்பளி நன்றாக இருக்கிறதாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

மாடி போர்ஷனுக்கு ஆள் வந்தால் எந்த ஊர், என்ன உத்தியோகம் என்று குடைவீர்களே, இங்கே குடிபோகிறவன் வீட்டுக்காரரைக் குடையலாம். மாநகராட்சியின் வீட்டுத்துறை எச்.பி.டி. வலைப்பக்கத்தில் விலாசத்தைப் போட்டால், அந்தக் கட்டடத்தின் மேல் பதிவான விதிமீறல் எல்லாம் ஏ, பி, சி என்று வரும். சி என்றால் உடனடி ஆபத்து: ஹீட்டர் இல்லை, வெந்நீர் இல்லை, அந்த ரகம். எத்தனை என்பது பெரிதில்லை, பழைய கட்டடத்தில் நாலு இருக்கத்தான் செய்யும். சரிசெய்து மூடினாரா, அப்படியே கிடக்கிறதா என்பதுதான் விஷயம். ஒரு வீடு மலிவாக வந்தது, புதுப் பெயின்ட் வேறு. பார்த்தால் வரிசையாக சி, எல்லாம் ஜனவரி, பிப்ரவரியில் போட்டது. படி ஏறாமலே திரும்பிவிட்டேன்.

நீங்கள் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல, பத்திரம், அடமானம் எல்லாம் ஏக்ரிஸ் என்ற இன்னொரு பக்கத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. வீட்டைக் காட்டியவர்தான் சொந்தக்காரரா என்று அதில் பார்த்துக்கொண்டேன். போன வருஷம் மூட்டைப்பூச்சி இருந்ததா என்று எழுதித் தருவதும் இங்கே வீட்டுக்காரர் கடமை. அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது, 2019 சட்டம். சென்னையில் பத்து மாதம் கொடுத்த கதையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஆனால் இதையெல்லாம்விடக் கீழ்வீட்டுப் பாட்டி சொன்னதுதான் உபயோகமாக இருந்தது. கயானாக்காரர். அவருடைய கொள்ளுப்பாட்டி கரும்புத் தோட்டத்துக்கு மதராஸிலிருந்து கப்பலேறியவராம். தமிழ் தெரியாது, மாரியம்மனைக் கும்பிடுகிறார். வாசலிலேயே நிறுத்தி என்னைத்தான் முதலில் விசாரித்தார். அப்புறம், “வீட்டுக்காரன் கஞ்சன், ஆனால் பாய்லர் நின்றால் அன்றைக்கே வருவான்” என்றார். உடனே சரி என்றுவிட்டேன். இப்போது தினமும் என் குப்பையைக் கிளறி, சரியாகப் பிரித்துப் போட்டேனா என்று பார்க்கிறார். மிளகாய்ச் சாஸ் ஒரு பாட்டில் கொடுத்தார், நாக்கு வெந்துவிட்டது.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை. போன வாரம் பக்கத்து மேசையில் யாரோ அவர்கள் அம்மாவுடன் சாம்பாருக்கு உப்புப் போதாது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தோசை பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளி வரும். வீடு மாறிய செலவுதான், வேறு எதுவும் நினைக்காதீர்கள். சேகர் மாமாவிடம் மோட்டார் பாக்கிக்கு அடுத்த மாதம் வரை தவணை கேளுங்கள். ஒத்துக்கொள்வார். மாடியில் இருப்பவர் காலி செய்தால் அட்வான்ஸில் சுண்ணாம்புச் செலவைப் பிடிக்காதீர்கள் அப்பா, அந்தச் சுவர் ஒழுகுவது நம் தொட்டியால்தான். வசந்திக்கு வந்த கும்பகோணம் வரனைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். பையன் வேலை பார்க்கும் இடத்தில் யாராவது விசாரித்தார்களா? வசந்திக்கு என்ன எண்ணம் என்றும் கேட்டு எழுதுங்கள், அவளையே எழுதச் சொன்னாலும் சரி.

அன்புடன்,
ரவி