குழியும் முளையும் குமிழும் செய்துகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

பார்வையற்ற சதுரங்க ஆட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் குழுவுக்குப் புதிய தொடு பலகைகள் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றோடு கடிகாரம் வந்தது, பிரெயில் ஏடுகள் வந்தன, எதிரில் உட்கார்ந்து ஆட ஆட்களும் வந்தார்கள். நேரில் சொன்ன நன்றி போதாது என்று எல்லோருக்குமே தோன்றியது. அதனால் குழுவின் சார்பில் நான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள், போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் தச்சர் ஐயாவுக்கு. தொடு பலகையைப் பார்த்திராதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கறுப்புக் கட்டங்கள் வெள்ளைக் கட்டங்களைவிடச் சற்று உயர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு குழி. காயின் அடியில் அந்தக் குழிக்குள் இறங்கும் முளை. கறுப்புக் காய்களின் தலையில் மட்டும் ஒரு சிறு குமிழ், நிறத்தை விரல் தெரிந்துகொள்வதற்காக. பலகை 20 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது என்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே சொல்கிறது. அவ்வளவுதானே என்று தோன்றும். செய்ய உட்கார்ந்தால்தான் வில்லங்கம். முளை இறுக்கமாக இருந்தால் ஒரு குதிரையைப் பிடுங்கும்போது பலகையே தூக்கிக்கொண்டு வரும். தளர்வாக இருந்தால் விரல் பட்டதுமே காய் சாயும். நாங்கள் இரண்டு கைகளாலும் தடவித்தான் ஆட்டத்தைப் பார்க்கிறோம், அதுவும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பலமுறை. அப்படித் தடவும்போது ஒரு சிப்பாய் இடம் மாறினால் யோசித்தது எல்லாம் வீண். போதாக்குறைக்கு, ஈரக்காற்றில் மரம் உப்பினால் நேற்று சரியாக இருந்த முளை இன்று சிக்கிக்கொள்ளும்.

ஐயா, இதையெல்லாம் நாங்கள் வரிசையாகச் சொன்னபோது நீங்கள் ஒரு முறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. அதைவிட முக்கியமாக, மெருகு பூசுவதற்கு முன்பே ஒரு பலகையைக் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தீர்கள். கறுப்பு ராணியின் தலையில் இருந்த குமிழ் குத்துகிறது என்றாள் குழுவிலேயே சின்னவள். அதை மழுக்கினீர்கள். அவசரத்தில் தொட்டால் பிஷப்பும் சிப்பாயும் ஒன்றுபோல இருக்கின்றன என்றார் இன்னொருவர். பிஷப்பின் தலையில் இருக்கும் வெட்டை ஆழமாக்கினீர்கள். வெட்டுப்பட்ட காய்களைச் செருகி வைக்கப் பலகையின் ஓரத்தில் தனிக் குழி வரிசை வேண்டும் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. அது நீங்களாகவே செய்தது. எதிராளியிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று குழம்பினால், இப்போது ஓரத்தை ஒரு தடவு தடவினால் போதும்.

அடுத்து, தன் வீட்டில் இருந்த கடிகாரத்தைத் தூக்கிக் கொடுத்த அண்ணாவுக்கு. பேசும் கடிகாரங்கள் இருக்கின்றன, காதில் மாட்டிக்கொண்டு மிச்ச நேரத்தைக் கேட்கலாம். ஆனால் நீங்கள் கொடுத்தது பழைய வகை: தொட்டாலும் வளையாத கெட்டியான முள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு மேட்டுப்புள்ளி, கால் மணிக்கு இரண்டு, நேரம் முடிந்ததும் விழும், விரலால் உணரக்கூடிய கொடி. எங்களில் சிலருக்கு இதுதான் பிடிக்கிறது. காது எதிராளியின் அறிவிப்புக்கு மட்டும் என்றால் நிம்மதி.

போட்டிக்கு நடுவராக வந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்ற விதியை அப்படியே வைத்தால் நாங்கள் முதல் நிமிடத்திலேயே தோற்போம், ஏனென்றால் எல்லாக் காயையும் தொட்டுக்கொண்டுதான் இருப்போம். எங்களுக்கு அது வேறு மாதிரி. குழியிலிருந்து காய் வெளியே வந்தால்தான் தொட்டதாகக் கணக்கு. புதிய குழியில் செருகி, நகர்த்தலை வாய்விட்டு அறிவித்த பிறகுதான் எதிராளியின் கடிகாரம் ஓடும். வாய் தவறினால், அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்பே திருத்திவிட வேண்டும். இதையெல்லாம் ஃபிடே விதிகளிலிருந்து முன்கூட்டியே படித்துவிட்டு வந்திருந்தீர்கள், அம்மா. இருவரும் தனித்தனிப் பலகையில் ஆடுவதால், ஒரு ஆட்டத்தில் இரண்டு பலகைகளிலும் நிலை வேறுபட்டுப் போனது. பார்வையுள்ளவர் சொன்னதைச் சரி என்று எடுத்துக்கொள்வது எளிது. நீங்கள் இருவரின் நகர்த்தல் குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொன்னீர்கள். எங்கள் ஆட்டக்காரரின் பிரெயில் குறிப்பை அவரையே வாசிக்கச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டீர்கள்.

எதிரில் அமர்ந்து ஆடிய கல்லூரித் தம்பி தங்கைகளே, உங்களுக்கு இரண்டு பலகை முறை புதிது. உங்களுக்கு வழக்கமான பலகை, எங்களுக்கு எங்கள் பலகை. ஒருவர் அறிவிப்பதை மற்றவர் திருப்பிச் சொல்லித் தன் பலகையில் வைக்க வேண்டும். பலகையின் நெடுக்கு வரிசைகளைக் குறிக்கும் பி, சி, டி, ஈ எல்லாம் காதில் ஒன்றுபோல விழுவதால் அன்னா, பெல்லா, சேசர், டேவிட், ஏவா, ஃபெலிக்ஸ், குஸ்டாவ், ஹெக்டர் என்று வரிசைகளுக்குப் பெயர் உண்டு. அதைச் சிரித்துக்கொண்டே மனப்பாடம் செய்தீர்கள், அப்புறம் ஹெக்டரை வைத்து ஓயாமல் கிண்டலும் அடித்தீர்கள். அதற்கும் நன்றி. விரல் தேடும்போது கையைப் பிடித்து "இதோ இங்கே" என்று காட்டாமல் இருந்ததற்கு இன்னும் பெரிய நன்றி. விட்டுக்கொடுத்து ஆடாமல் எங்களைத் தோற்கடித்ததற்கும்தான். சும்மா சொல்லவில்லை. பரிதாபத்தில் கிடைத்த டிரா எப்படி இருக்கும் என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆட்டத்தைத் தொடங்கும் முறைகளைப் பிரெயிலில் அடித்துக் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியரே, கிளை கிளையாகப் பிரியும் நகர்த்தல்களை உள்தள்ளிப் பிரித்துக் காட்டியது பெரிய உதவி. எந்தக் கிளையில் நிற்கிறோம் என்று தேட வேண்டியதில்லை.

மறைந்துவிட்டதால் நன்றி சொல்ல முடியாத ஒருவரும் இருக்கிறார். ரெஜினால்ட் பான்ஹாம் என்ற இங்கிலாந்து ஆசிரியர், பார்வையற்றோர் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். பன்னாட்டு பிரெயில் சதுரங்கச் சங்கத்தை 1951-ல் அஞ்சல் வழி ஆட்டத்துக்காகத் தொடங்கினார். பத்தே ஆண்டில், 1961-ல், ஜெர்மனியின் மெஷெடேயில் பார்வையற்றோருக்கான முதல் ஒலிம்பியாட் நடந்துவிட்டது. 1964-ல் ஃபிடே அந்தச் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. நடுவர் அம்மா அன்று விதியைக் காட்டிப் பேச முடிந்ததில் பான்ஹாமுக்கும் அந்தச் சங்கத்துக்கும் பங்கு உண்டு.

கடைசியாக, தச்சர் ஐயாவுக்கு மட்டும் ஒரு வேலை. தினமும் ஆடுவதால் சில வெள்ளைச் சிப்பாய்களின் முளை தேய்ந்துவிட்டது. தனியாக ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறோம். அடுத்த முறை வரும்போது கேளுங்கள். ஆட்டமும் ஒன்று போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அன்புடனும் நன்றியுடனும்,
குழுவினர் அனைவரின் சார்பில்