ஸ்லீப்பிங் பேக் வாங்கும் முன் இதைப் படி, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய லிங்க்கைப் பார்த்தேன். ஜனவரி கடைசியில் உத்தரகாண்ட்டில் கேதார்காந்தா பனிமலை ஏறப் போகிறோம், இந்த ஸ்லீப்பிங் பேக் ஒரு கிலோதான், மைனஸ் இருபத்தொன்று வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது, வாங்கிவிடட்டுமா அம்மா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே மீட்டிங் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படி கண்ணு.

அந்த லிங்க்கில் கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார். பையின் உள்பக்கத் தையலில் வெள்ளையாக ஒரு துணி லேபிள் தெரியும். அதில் 1, −5, −21 என்று மூன்று எண்கள் இருக்கின்றன. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது மூன்றாவது எண். அதுதான் எனக்குக் கோபம். முதல் எண் கம்ஃபர்ட், அதாவது ஒரு பெண் கைகாலைத் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். இரண்டாவது லிமிட், ஓர் ஆண் உடம்பைக் குறுக்கிக்கொண்டு எப்படியோ ராத்திரியைத் தூங்கிக் கழிக்கக்கூடிய குளிர். மூன்றாவது எக்ஸ்ட்ரீம். அந்தக் குளிரில் ஒரு பெண் ஆறு மணி நேரம் வரைக்கும் உயிரோடு இருக்கலாம், ஆனால் விரல்கள் உறைந்து புண்ணாகிப் போகலாம் என்று அர்த்தம். தூக்கத்துக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. அதை நம்பி என் மகள் பனியில் போய்ப் படுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இந்த எண்கள் சும்மா குத்துமதிப்பாகப் போடுபவை இல்லை. முன்பு இஎன் 13537 என்று ஐரோப்பாவில் ஒரு தரநிர்ணயம் இருந்தது, இப்போது அதுவே ஐஎஸ்ஓ 23537 என்று ஆகியிருக்கிறது. சூடேற்றிய பொம்மை மனிதனுக்கு உள்ளாடையும் நீள சாக்ஸும் மாட்டி, பாயின் மேல் பையை விரித்து அதில் படுக்க வைத்து அளந்து கணக்குப் போடுகிறார்கள். அதனால் லேபிளில் அந்தத் தரநிர்ணய எண் இருக்கிறதா என்று முதலில் பார். அது இல்லாமல் வெறும் டிகிரி மட்டும் போட்டிருந்தால், யார் எப்படி அளந்தார்கள் என்றே தெரியாத பை அது, கையில் எடுக்காதே. இருந்தால் நீ பார்க்க வேண்டியது முதல் எண்ணை மட்டும்தான். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் அந்தப் பெண் 60 கிலோ எடை உள்ளவள், நீ ஐம்பதைத் தாண்டவில்லை. பெங்களூரில் ஏசி ஓடும் ஆபீசிலேயே சால்வை போர்த்திக்கொள்கிற பெண் நீ. ஆகவே அந்த எண்ணிலிருந்தும் இன்னும் நான்கைந்து டிகிரி உனக்குக் கைவசம் இருக்கட்டும்.

சரி, அங்கே எவ்வளவு குளிரும்? நீங்கள் ஏறத் தொடங்கும் சாங்க்ரி கிராமம் 6,400 அடி, நம் ஊட்டியை விடத் தாழ்வு. வழியில் ஜூடா கா தாலாப் ஏரிக்கரையில் கூடாரம் போட்டால் 9,000 அடிக்கு மேல், அடுத்த முகாம் 11,000 அடியை ஒட்டி வரும், உச்சி 12,500. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு, ஆக சாங்க்ரியில் சுழியம் என்றால் மேல் முகாமில் மைனஸ் ஒன்பது, காற்றடித்தால் இன்னும் மோசம். ஜனவரியில் மைனஸ் ஐந்திலிருந்து பத்து வரை என்று வைத்துக்கொள்வது நியாயம். அதனால் கம்ஃபர்ட் எண் மைனஸ் ஐந்தாவது இருக்கிற பை வேண்டும், மைனஸ் ஏழு என்றால் ரொம்ப நல்லது. மீதியை உள்ளே போடுகிற ஃபிளீஸ் லைனரும் உலர்ந்த தெர்மலும் குல்லாவும் பார்த்துக்கொள்ளும்.

பைக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியையாவது பாய்க்குக் கொடு. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போய் இருக்கிற காசையெல்லாம் பையில் போட்டுவிட்டு வருகிறார்கள். பை தானாகச் சூடு தராது, உன் உடம்பின் சூட்டை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். பிடித்து வைப்பது உள்ளே உப்பி நிற்கும் பஞ்சுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்று. நீ படுத்ததும் முதுகுக்குக் கீழே இருக்கிற பஞ்சு நசுங்கிவிடும், காற்று போய்விடும், அப்புறம் உனக்கும் பனிக்கும் நடுவில் இரண்டு மெல்லிய துணிதான். நீ பிறப்பதற்கு முன் யூத் ஹாஸ்டல்ஸ் குழுவோடு இமாச்சலத்தில் கசோலில் இருந்து சார் பாஸ் கணவாய்க்கு ஏறிப் போனேனே, அப்போது எங்கள் டென்ட்டில் சேலத்து டீச்சர் ஒருத்தர் இருந்தார். எங்கள் எல்லோரையும் விடத் தடிமனான பை அவருடையதுதான். பாயைச் சுமப்பானேன் என்று கீழ் முகாமிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ராத்திரி பூராவும் புரண்டு புரண்டு படுத்து, கடைசியில் உட்கார்ந்தே விடிய வைத்தார், மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் முதுகு மட்டும் விறைக்கிறது என்று அழாத குறை. மறுநாள் அதே கம்பளிகளை வழிகாட்டிப் பையன் அவருக்குக் கீழே மடித்து விரித்தான். அவர் குறட்டை விட்டுத் தூங்கினார், அதுவும் முந்தின நாளை விட உயரமான முகாமில்.

பாயில் ஆர் வேல்யூ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், உன் சூடு தரைக்குப் போகாமல் பாய் எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு அது. பனி மேல் படுக்க அது நான்குக்கு மேல் வேண்டும், ஐந்து என்றால் கவலையே இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பாய் போட்டால் இரண்டு எண்களையும் கூட்டிக்கொள்ளலாம். அதனால் கீழே மடிக்கிற ஃபோம் பாயும் அதன் மேல் காற்றடிக்கிற பாயும் என்று போட்டுக்கொள். காற்றுப் பாய் முள்ளில் குத்தி இறங்கிவிட்டாலும் ஃபோம் கைவிடாது.

இப்போது நீ அதிகம் குழம்பியிருக்கிற விஷயத்துக்கு வருகிறேன், உள்ளே என்ன அடைத்திருக்க வேண்டும் என்பது. டவுன் என்றால் வாத்தின் நெஞ்சுப் பக்கத்து மென்மையான தூவி. எடைக்கு எடை பார்த்தால் அதை மிஞ்சி எதுவும் இல்லை. 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போனவர்களில் ஜார்ஜ் ஃபின்ச் என்பவர் பலூன் துணியில் தூவியை அடைத்துத் தைத்த கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். கூட இருந்தவர்கள் முதலில் கேலி செய்தார்களாம், மேலே ஏற ஏறக் கேலி பொறாமையாக மாறியது. அன்றைய காரணமேதான் இன்றைக்கும். தூவி இலவம்பஞ்சுத் தலையணை மாதிரி, அமுக்கினால் கைக்குள் அடங்கும், விட்டுவிட்டால் உப்பிக்கொண்டு எழும். ஓர் அவுன்ஸ் தூவி, அதாவது சுமார் 28 கிராம், எத்தனை கன அங்குலம் இடத்தை அடைக்கிறது என்பதைத்தான் ஃபில் பவர் என்கிறார்கள். 550 என்றால் சாதாரணம், 650 நல்லது, 800 உயர்தரம். ஆனால் 800 என்பதை மட்டும் பார்த்து மயங்காதே, உள்ளே எத்தனை கிராம் தூவி அடைத்திருக்கிறார்கள் என்று கேள். 800 தரத்தில் 250 கிராம் அடைத்த பை கோடைக்குத்தான் லாயக்கு. நீ சொல்லும் குளிருக்கு அந்தத் தரத்தில் அறுநூறு கிராம் பக்கத்தில் வேண்டும், மொத்தப் பை ஒரு கிலோ சொச்சம் வரும்.

சிந்தடிக் என்பது பாலியெஸ்டர் இழை. அதே சூட்டுக்கு எடை ஏறத்தாழ இரண்டு கிலோவைத் தொடும், சுருட்டினாலும் உன் ஐம்பது லிட்டர் முதுகுப் பையில் பாதியை அடைத்துக்கொள்ளும். ஆனால் நனைந்தால் தூவி கட்டிகட்டியாகிச் சூட்டைக் கைவிட்டுவிடும், சிந்தடிக் ஈரத்திலும் ஓரளவு காப்பாற்றும், விலையும் குறைவு. மழைக்கால மலையேற்றம் என்றால் யோசிக்காமல் சிந்தடிக் வாங்கு என்பேன். ஜனவரியில் உத்தரகாசிப் பக்கம் குளிர் வறண்ட குளிர், மழை இல்லை பனிதான், நீங்கள் நான்கு பேரும் கோவேறு கழுதை இல்லாமல் சொந்தமாகச் சுமக்கப் போகிறீர்கள், அதனால் என் ஓட்டு டவுனுக்குத்தான்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நீ கறி சாப்பிடுவதை விட்டுவிட்டாய், ஏன் விட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆர்டிஎஸ் என்று ஒரு முத்திரை இருக்கிறது, பறவை உயிரோடு இருக்கும்போது தூவியைப் பிடுங்கவில்லை, வற்புறுத்தித் தீனி திணிக்கவில்லை என்று சோதித்துக் கொடுப்பது. டவுன் வாங்கினால் அந்த முத்திரை உள்ளதாக வாங்கு. அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் சிந்தடிக்கே வாங்கிக்கொள், கூடுதல் ஒரு கிலோவுக்காக மனசாட்சியோடு சண்டை போட வேண்டாம். டென்ட்டை உன் தோழிகள் பங்கு போட்டு எடுத்துக்கொள்ளட்டும். இதில் நீ எதை முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம், கம்ஃபர்ட் எண்ணில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.

வடிவம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, தலைக்கு மூடி வைத்துக் காலடியில் குறுகுகிற மம்மி வகைதான். செவ்வகப் பை வீட்டு மாடிக்குச் சரி. கழுத்தைச் சுற்றி ஒரு பஞ்சுக் காலர் இருக்கிறதா, ஜிப்பின் நீளத்துக்கு உள்ளே ஒரு பஞ்சுக் குழல் ஓடுகிறதா என்று பார், இவை இரண்டும் இல்லாத பையில் சூடெல்லாம் கழுத்து வழியாகவே போய்விடும். உன் உயரத்துக்குப் பெண்களுக்கான அளவு அல்லது குட்டை அளவு எடு. காலடியில் மிச்சம் கிடக்கிற இடத்தையும் நீதான் சூடாக்க வேண்டும், அதனால் பெரிசு நல்லது என்று நினைக்காதே. கடையில் பையைப் பிரித்துக் கொஞ்ச நேரம் அப்படியே விடச் சொல், உப்பி வருகிறதா பார், பிறகு உள்ளே போனின் டார்ச்சை அடித்துப் பார்த்தால் பஞ்சு இல்லாத இடங்கள் வெளிச்சமாகத் தெரிந்துவிடும். உள்ளே படுத்து ஜிப்பை நீயே மேலும் கீழும் இழு. இருட்டில், கையுறையோடு, அவசரமாக வெளியே போக வேண்டிய நேரத்தில் துணியைக் கடிக்கிற ஜிப்பைப் போலத் தொல்லை வேறில்லை.

சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும் என்று உன் தோழி சொன்னாளாமே. கிடைக்கும்தான், தப்பில்லை. ஷூவுக்கு மாட்டும் இரும்பு முள், கோல், ஃபோம் பாய் இதையெல்லாம் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். பை மட்டும் வேண்டாம். பல பேர் படுத்து, மாதக்கணக்கில் அமுக்கியே வைத்திருந்த பையில் பஞ்சு செத்துப் போயிருக்கும், லேபிளில் என்ன எண் இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. அதோடு நீ இந்த ஒரு மலையோடு நிற்கப் போகிறவள் மாதிரியும் தெரியவில்லை.

அங்கே போனதும் இதையெல்லாம் மறக்காதே. நடந்து வியர்த்த உடுப்போடு பைக்குள் நுழையாதே, உள்ளாடை சாக்ஸ் உட்பட எல்லாம் மாற்று, தூங்குவதற்கென்று ஒரு ஜோடி சாக்ஸை நடக்கவே பயன்படுத்தாமல் தனியாக வை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படு, சாப்பாடுதான் உடம்புக்கு விறகு. நல்ல பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, கவிழ்த்துச் சொட்டுகிறதா பார்த்துவிட்டு, ஒரு சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்துக்கொள். போனையும் பவர் பேங்க்கையும் உள்ளேயே வை, குளிரில் பேட்டரி இறங்கிவிடும். எவ்வளவு குளிர்ந்தாலும் மூக்கையும் வாயையும் வெளியே விடு, மூச்சின் ஈரம் பைக்குள் சேர்ந்தால் மறுநாள் ராத்திரி அதன் பலனைத் தெரிந்துகொள்வாய். காலையில் வெயில் பட்டதும் உள்புறத்தை வெளியே திருப்பி டென்ட் மேல் போட்டுவிடு. யாராவது ரம் குடித்தால் சூடாக இருக்கும் என்பார்கள், அது தோலுக்கு ரத்தத்தைத் தள்ளி இருக்கிற சூட்டையும் வெளியேற்றிவிடும். அடுப்பையோ கரியையோ டென்ட்டுக்குள் கொண்டுவர ஒருவரையும் விடாதே, அதிலிருந்து வருகிற விஷவாயு ஆளைக் கொல்லும். நடுக்கம் நிற்கவே இல்லை என்றால் சங்கடப்படாமல் பக்கத்தில் இருப்பவளை எழுப்பு. ராத்திரி ஒழுங்காகத் தூங்கினால்தான் கண்ணு, விடிகாலை மூன்று மணிக்கு எழுப்பிவிட்டு உச்சிக்கு நட என்றால் கால் வரும்.

முதுகுப் பையின் அடியில் வைக்கும்போது ஒரு தடிமனான பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வை. சுருட்டாதே, காலடிப் பக்கத்திலிருந்து கைப்பிடி கைப்பிடியாக உறைக்குள் திணி, ஒரே மடிப்பில் திரும்பத் திரும்பச் சுருட்டினால் அந்த இடத்தில் பஞ்சு உடைந்துவிடும். வீட்டில் இருக்கும்போது அந்தச் சின்ன உறையில் வைக்கவே கூடாது, பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு அலமாரியில் தொங்கவிடு.

பொங்கலுக்கு வருகிறாய்தானே, அதற்கு முன்னாலேயே வாங்கி வந்துவிடு, திருப்பிக் கொடுக்கிற கெடு தாண்டாதபடி தேதியைப் பார்த்துக்கொள். அந்தச் சமயம் தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும், நம் வீட்டுப் பின் தாழ்வாரத்திலும் குறைச்சல் இருக்காது. கம்பிக் கதவைப் பூட்டிவிட்டு அங்கேயே பாய் போட்டு ஒரு ராத்திரி படுத்துப் பார். காட்டெருமையும் கரடியும் வருகிற ஊர், அதனால் முற்றத்தில் படுக்கிறேன் என்று அப்பாவிடம் அடம்பிடிக்காதே. ஊட்டியிலேயே குளிரெடுத்தால் அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிவிடலாம், பணம் குறைந்தால் நான் போடுகிறேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பணம் கட்டும் முன் அந்த வெள்ளை லேபிளை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா