திரையில் வராத காற்றுக்குமிழி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேதியியல் ஆய்வகத்துக்குப் பதில் கணினியில் மெய்நிகர் சோதனை போதும் என்ற பேச்சு அடிபடுகிறது. எந்தச் சோதனைக்கு என்று கேட்காமல் இதற்குத் தலையாட்ட முடியாது.

கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்தறியும் ஹெச்பிஎல்சி போன்ற கருவிக்குத் திரை நல்ல துணைதான். சி-18 என்ற பிரிக்கும் பொருள் நிரப்பிய குழலில், ஓடும் கரைப்பானிலுள்ள அசிட்டோநைட்ரைலை 60 சதவீதத்திலிருந்து 50-க்குக் குறைத்தால், ஒரு பொருள் குழலில் எவ்வளவு தங்குகிறது என்பதைக் காட்டும் தங்கல் காரணி பொதுவாக இரண்டு மூன்று மடங்காகும். நிஜக் கருவியில் இப்படி ஒரு மாற்றம் செய்தால் குழல் நிலைப்படவே கால் மணியிலிருந்து அரை மணி ஆகும். முப்பது பேர் வகுப்பில் ஆளுக்கொரு மாற்றம் நடக்கிற காரியமா? திரையில் நொடியில் பார்க்கலாம்.

தரம் பார்த்தல், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டறிவது, வேறு சங்கதி. ஆக்சாலிக் அமிலம், பெர்மாங்கனேட் சோதனையையே பாருங்கள். 20 மி.லி. அமிலத்தோடு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து 60-70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். பிறகு விடும் பெர்மாங்கனேட்டின் முதல் சொட்டுகளின் நிறம் மெதுவாகத்தான் மறையும். மாங்கனீசு அயனி உருவான பிறகே வினை வேகம் பிடிக்கும். பொறுமையிழந்து, சொட்டு விடும் அளவுக்குழாயான பியூரெட்டின் திருகை (ஸ்டாப்காக்) திறந்துவிட்டாலோ, கந்தக அமிலம் குறைந்தாலோ, குடுவை பழுப்பாகக் கலங்கிவிடும். கலங்கியதைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். மாணவர் கற்பது அங்கேதான். திரைக் குடுவையோ எப்போதும் சரியான சூட்டில் இருக்கும், சொட்டியதும் வினை முடிந்ததைக் காட்டும் இளஞ்சிவப்பாகும்.

பியூரெட் நுனியில் தங்கும் காற்றுக்குமிழியும் அப்படித்தான். பாதியில் அது வெளியேறினால் குடுவைக்குள் போகாத 0.2 மி.லி. கணக்கில் ஏறும், 20 மி.லி.க்கு அது ஒரு சதவீதப் பிழை. பெர்மாங்கனேட்டின் அடர்நிறத்தில் பிறைத்தளத்தின் (குழாயில் வளைந்து நிற்கும் கரைசல் மட்டத்தின்) அடி தெரியாது, மேல்விளிம்பைத்தான் படிக்க வேண்டும். இதையெல்லாம் சுட்டியால் சொட்டு விடுபவர் எங்கே பழகுவது?

ஆகவே மெய்நிகர் சோதனை முந்தின நாள் ஒத்திகையாக இருக்கட்டும், அரை மணி போதும். செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணை அதற்குத் தர வேண்டாம். மென்பொருள் எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள்: ஆளுக்கொரு செறிவு கொடுங்கள், அளவீட்டில் 0.05 மி.லி. முன்பின் ஏற்ற இறக்கம் வையுங்கள். சூடாக்க மறந்தவருக்குக் குடுவையைக் கலங்க விடுங்கள்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர்கள் சிலர்